வீட்டில் தீப்பிடித்தால்?

ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, அதன்மேல் கண்ணாடித் தம்ளர் ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள். சுடர் சிறுத்துச் சில விநாடிகளில் அணைந்துவிடும். உள்ளே இருந்த ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்துவிட்டதா? இல்லை. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது. அது சுமார் 16 விழுக்காடாகக் குறைந்தாலே மெழுகுவர்த்தியால் தொடர்ந்து எரிய முடிவதில்லை.

தீ எரிய மூன்று வேண்டும்: எரிபொருள், ஆக்சிஜன், வெப்பம். தீயை மூன்று கற்களின்மேல் வைத்த பானை என்று சொல்லலாம். ஒரு கல்லை உருவினால் பானை விழுந்துவிடும். ஆனால் எந்தத் தீக்கு எந்தக் கல்லை உருவுவது என்று தெரிந்திருக்க வேண்டும். மாற்றிச் செய்தால் சிறு தீயும் பெருந்தீயாகும்.

நீர் எதை அணைக்கும்?

ஒரு பொருள் எரியத் தொடங்க ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையை அடைய வேண்டும். அதை எரிவெப்பநிலை என்கிறோம். கொதிக்கும் ஒரு கிராம் நீர் ஆவியாக மாற ஏறத்தாழ 540 கலோரி வெப்பத்தை உட்கொள்கிறது. எரியும் விறகிலோ துணியிலோ கீற்றிலோ நீரை ஊற்றினால், அது இவ்வளவு வெப்பத்தையும் பறித்துக்கொண்டு ஆவியாகிறது. பொருளின் வெப்பநிலை எரிவெப்பநிலைக்குக் கீழே இறங்க, தீ அணைகிறது.

எண்ணெய்த் தீ அப்படிப்பட்டதன்று. அடுப்பில் மறந்துவிட்ட வாணலியில் எண்ணெய் முதலில் புகையும். 350 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் தானே பற்றிக்கொள்ளும். பதற்றத்தில் ஒரு செம்பு நீரை ஊற்றினால் என்ன ஆகும்? நீர் எண்ணெயைவிட அடர்த்தி மிக்கது. ஆகவே எண்ணெய்க்குள் இறங்கும். இறங்கியவுடன் ஆவியாகி, 1,600 மடங்குக்கும் மேலாகப் பருமனில் விரியும். அந்த வேகத்தில் எண்ணெய் துளித்துளியாகச் சிதறும். ஒவ்வொரு துளியும் காற்றோடு கலந்து எரிய, தீ கூரைவரை எழும்.

இங்கே உருவ வேண்டிய கல் ஆக்சிஜன். அடுப்பை அணையுங்கள். வாணலியைவிடப் பெரிய தட்டு ஒன்றை உங்கள் பக்கத்திலிருந்து மெல்லத் தள்ளி மூடுங்கள். வாணலியைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். நன்றாக ஆறும்வரை தட்டையும் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் எண்ணெய் இன்னும் எரிவெப்பநிலைக்கு மேலேயே இருக்கலாம். காற்றுப் பட்டதும் மீண்டும் பற்றிக்கொள்ளும்.

சமையல் எரிவாயு

சமையல் எரிவாயு புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. கசிவை அறிவதற்காகவே அதில் மணமுள்ள பொருள் ஒன்றைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடப் புரோப்பேன் சுமார் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரண்டு மடங்கும் கனமானவை. எனவே கசிந்த வாயு ஜன்னலுக்கு ஏறாமல் தரையில் படர்ந்து மூலைகளில் தங்குகிறது. காற்றில் அது சுமார் 2 முதல் 9 விழுக்காடுவரை கலந்திருந்தால், ஒரு சிறு பொறி போதும்.

எரிபொருளும் ஆக்சிஜனும் இங்கே ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. மிஞ்சியிருப்பது வெப்பம் ஒன்றே. மின்விசையைப் போடும்போது மட்டுமன்றி, அணைக்கும்போதும் தொடுமுனைகளிடையே பொறி உண்டாகலாம். ஆகையால் வாயு மணம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள். அடுப்பையும் பூஜை விளக்கையும் அணைத்து, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலோடு கதவையும் திறந்துவிட்டு வெளியேறுங்கள். வெளியே சென்றபின் 1906 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

மின்கம்பியில் ஒளிந்திருக்கும் வெப்பம்

மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். ஒரே பிளக்கில் இஸ்திரிப் பெட்டி, நீர்ச் சூடேற்றி, மின் அடுப்பு என்று சேர்த்துக்கொண்டே போவதன் ஆபத்து இதுதான். இதைத் தடுக்கவே பியூஸ் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் பாய்ந்தால் அதன் மெல்லிய இழை முதலில் உருகிச் சுற்றைத் துண்டிக்கும். 'அடிக்கடி போகிறதே' என்று அங்கே தடித்த செம்புக் கம்பியைச் சுற்றினால், அடுத்து உருகுவது சுவருக்குள் இருக்கும் கம்பியாக இருக்கும். மின்சாரத்தால் தீப்பிடித்தால் முதல் வேலை மெயினை அணைப்பது. அதற்குமுன் நீர் கூடாது.

புகையும் குடும்பமும்

வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது. அது புகையைச் சுமந்துகொண்டு மேலே ஏறும். அதனால் அறை கூரையிலிருந்து கீழ்நோக்கிப் புகையால் நிறைகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேலான பற்றுடன் இணைகிறது. உறங்குபவர் விழிக்காமலே மயங்கிவிடலாம். எனவே புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல், தரையை ஒட்டித் தவழ்ந்து வெளியேற வேண்டும். ஆடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது. ஓட்டம் தீக்குக் காற்றை ஊட்டும். தீ மேல்நோக்கியே எரிவதால் நிற்பவரின் முகத்தை எட்டும். முகத்தைக் கைகளால் மூடித் தரையில் படுத்து உருள வேண்டும். புண்ணில் மை, பற்பசை, நெய் எதுவும் தடவாமல், 20 நிமிடம் ஓடும் நீரில் காட்டுங்கள்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையற்கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டனர். மாடியிலிருந்த பிள்ளைகள் தப்பிக் கீழே வரக் குறுகலான படிக்கட்டே இருந்தது. நம் வீடுகளை எண்ணிப் பாருங்கள். ஜன்னல்களில் இரும்புக் கம்பி. பின்கதவில் பூட்டு. சாவி யாருடைய பீரோவிலோ!

வரும் ஞாயிறன்று வீட்டிலுள்ள அனைவரும் உட்கார்ந்து இவற்றுக்கு விடை காணுங்கள். மெயின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது? ரெகுலேட்டரை மூட யார் யாருக்குத் தெரியும்? இரவில் சாவி எங்கே தொங்கும்? பாட்டியை யார் அழைத்து வருவார், கைக்குழந்தையை யார் தூக்குவார்? வெளியே வந்தபின் எந்த மரத்தடியில், எந்தத் தெருவிளக்கின் கீழ்க் கூடுவது? அங்கே தலைகளை எண்ணிப் பார்க்கலாம். யாரேனும் குறைந்தாலும் உள்ளே திரும்ப ஓடாமல், 101 என்ற எண்ணில் அழைத்துத் தீயணைப்பு வீரர்களிடம் சொல்ல வேண்டும்.

பேசியதோடு நிறுத்தாமல், விளக்கை அணைத்துவிட்டு ஒருமுறை படுக்கையிலிருந்து வாசல்வரை அனைவரும் தவழ்ந்து பாருங்கள். குழந்தைகள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொள்வார்கள். வழியில் மேசையோ அரிசி மூட்டையோ இடித்தால், அன்றைக்கே அதை நகர்த்தி வையுங்கள்.