வெள்ளத்துக்கு முன் சேதி வரட்டும்!

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் திறந்துவிட்ட தண்ணீர் விநாடிக்கு 29,000 கன அடி. ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். அப்படியென்றால் விநாடிக்கு 8 லட்சம் லிட்டர்! கணக்கு நமக்குப் புரியும். ஆற்றங்கரைக் குடிசையில் இருப்பவருக்குக் கன அடி என்றால் என்ன தெரியும்? "இத்தனை மணிக்கு உங்க தெருவுல இடுப்பளவு தண்ணி வரும், இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடுங்க" என்று சொன்னால்தானே கிளம்புவார்?

இந்த வாசகங்களை மழைக்காலத்துக்கு முன்பே தெருவாரியாக எழுதி வைக்க வேண்டும். எவ்வளவு தண்ணீர் வந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று முதலிலேயே லெவல் எடுத்திருக்க வேண்டும். அது சர்வே படிக்கும் நம்மைப் போன்றவர்கள் வேலை.

அடுத்தது, சேதி போகும் வழி. செல் பிராட்காஸ்ட் முறையில் ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கு ஒரே நேரத்தில் எச்சரிக்கை போகும், நம்பர்கூடத் தேவையில்லை. 2023-ல் நம் நாட்டில் இதைச் சோதித்தும் பார்த்தார்கள். நல்லதுதான். ஆனால் 2015-ல் கரண்ட் போய்ப் பல டவர்களே படுத்துவிட்டனவே! போன் வேலை செய்தாலும், என் அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வராது. ஆகவே ஆட்டோவில் மைக், கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கி, பேட்டரி ரேடியோ எல்லாமே திட்டத்தில் இருக்கட்டும். எல்லா வழியிலும் ஒரே சேதி போகட்டும்.

கடைசி வீட்டு ஆயாவுக்கும் புரிந்தால்தான் நண்பர்களே, அது எச்சரிக்கை!