டாலக் மலையில் திரும்பி இறங்கிய நாள்



கடந்த கோடையில் எங்கள் வாலிபர் ஐக்கியத்தார் பன்னிரண்டு பேர் டாஹோ ஏரிக்கரையில் நிற்கும் டாலக் மலைக்குப் போனோம். உயரம் ஏறக்குறைய 9,735 அடி. பனி உருகும் காலத்தில் அதன் முகப்பில் வெண்சிலுவை ஒன்று கீழே ஊரிலிருந்தே தெரியும்.

அதிகாலை மூன்று மணிக்கு சான் ஹோசேயில் ஜெபித்துப் புறப்பட்டோம். கதீட்ரல் ஏரியைக் கடந்து, செங்குத்தான கற்சரிவில் ஏறி முகட்டுக்கு வந்தோம். சிகரம் கண்ணுக்கெதிரே. அப்போது ஒரு தம்பி உட்கார்ந்து வாந்தியெடுத்தான்.

"எப்போதிருந்து தலைவலி?"

"ஏரியிலிருந்தே அக்கா. சொன்னா எல்லாரும் திரும்பணுமேன்னு சொல்லல."

கடல்மட்டத்தில் வாழ்பவர்கள் ஒரே நாளில் 8,000 அடிக்கு மேல் ஏறினால் இப்படி வரலாம். உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவும் குறைவு. நன்றாக ஓடியாடுகிறவர்களுக்கும் வரும். தலைவலியோடு குமட்டலும் வந்தால் மேலே ஏறக்கூடாது. வாந்தியெடுத்தால் இறங்குவதே நல்லது. தனியே விடவும் கூடாது.

எங்களில் இருவர் நர்ஸ். இதெல்லாம் தெரிந்தும், ஏரிக்கரையில் போட்டோ எடுத்தோமே தவிர யாரையும் விசாரிக்கவில்லை.

பன்னிரண்டு பேரும் இறங்கினோம். ஏரிக்கு வந்தபோது தலைவலி தணிந்து, தம்பி தயிர்சாதம் கேட்டான்.

அடுத்த முறை முந்தின இரவே டாஹோவில் தங்குவோம். ஏரிக்கரையில் ஒவ்வொருவரையும் கேட்போம். நீங்களும் தலை வலித்தால் அப்போதே சொல்லிவிடுங்கள். உங்களால் எங்கள் பயணம் கெடாது.