பிள்ளை எங்கே? செல்போனில் 'துப்பு' துலக்கும் பெற்றோர்!
டிமிக்கி கொடுக்கும் மாணவர்கள்

சென்னை,

டியூஷனுக்குப் போன பிள்ளை நேரத்துக்கு வீடு திரும்பவில்லை என்றால், முன்பெல்லாம் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்புவார். அம்மா வாசலிலேயே நிற்பார்.

இப்போது இருவரும் வீட்டை விட்டு நகருவதில்லை. செல்போனைத் திறக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிகிறது. அந்தப் புள்ளிதான் பிள்ளை!

புள்ளி அண்ணா நகர் டியூஷன் சென்டரில் இருந்தால் நிம்மதி. மெரினா கடற்கரையில் இருந்தால்? "வரட்டும் இன்னிக்கு!" என்று வீட்டில் கச்சேரி தயாராகிவிடும்.

எப்படித் தெரிகிறது?

பூமியைச் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களின் சிக்னலை செல்போன் பிடிக்கிறது. குறைந்தது 4 கோள்களின் சிக்னல் கிடைத்தால், தான் இருக்கும் இடத்தை அதுவே கணக்குப் போட்டுவிடும்.

2017-ம் ஆண்டில் கூகுள் நிறுவனம் 'பேமிலி லிங்க்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு வாட்ஸ்அப்பிலும் இருக்கும் இடத்தைக் காட்டும் வசதி வந்தது. இதில் 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று நேரம் வைக்கலாம். ஆனால் பிள்ளையே பொத்தானை அழுத்தினால்தான் தெரியும்.

புள்ளியும் பொய் சொல்லும்!

வெட்ட வெளியில் சில மீட்டருக்குள் சரியாகக் காட்டும் இந்தக் கருவி, தி.நகர் போல கட்டிடங்கள் நெருக்கியடிக்கும் இடத்தில் தடுமாறும். சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதுதான் காரணம். நோட்டுப் புத்தகம் வாங்கப் போன பையன் அடுத்த தெருவில் நிற்பதாகக் காட்டும்.

"அங்க உனக்கு என்னடா வேலை?" என்று அப்பா கையை ஓங்கினால், அடி வாங்குவது ஒரு பாவமும் அறியாத பிள்ளை!

பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் அல்ல. செல்போனை நண்பனின் பையில் போட்டுவிட்டு நைசாக நழுவி விடலாம். போன் டியூஷனில், ஆள் சினிமா தியேட்டரில்! "சார்ஜ் போயிடுச்சும்மா" என்பது இன்னொரு சாக்கு. போனை அணைத்துவிட்டால், கடைசியாக இருந்த இடம் மட்டுமே தெரியும். பொய்யான இடத்தைக் காட்டும் 'ஆப்'புகளும் இருக்கின்றன.

திருட்டு உளவு

பிள்ளைக்குத் தெரியாமலே போனில் உளவு 'ஆப்' போட்டு, குறுஞ்செய்திகளைப் படிக்கும் பெற்றோரும் உண்டு. இதில்தான் வில்லங்கம்.

அந்த விவரங்களைப் பெற்றோர் மட்டும் பார்ப்பதில்லை. அவை 'ஆப்' நடத்தும் கம்பெனிக்கும் போகின்றன. 'ஸ்பைபோன்' என்ற கம்பெனி, ரகசியமாகத் திரட்டிய விவரங்களைப் பத்திரமாக வைக்கவில்லை என்று குற்றம் சாட்டிய அமெரிக்க வர்த்தக ஆணையம், 2021 செப்டம்பரில் அது உளவுத் தொழிலே செய்யக் கூடாது என்று தடை போட்டது. அதே ஆண்டு டிசம்பரில், குடும்பங்களுக்கான 'லைப்360' என்ற ஆப் இருப்பிட விவரங்களை விற்றது அம்பலமானது. பெற்ற பிள்ளை போகும் பாதை, முன்பின் தெரியாதவன் கைக்குப் போய்விட்டது!

சட்டம் என்ன சொல்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களை எல்லாம் குழந்தைகள் என்கிறது. அரசு வகுக்கும் விலக்குகள் தவிர, கம்பெனிகள் அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக் கூடாது என்பது அந்தச் சட்டம்.

"ராத்திரி பஸ்ல வர்றப்ப மட்டும் ஆன் பண்ணு. நாங்க எங்க இருக்கோம்னு நீயும் பார்த்துக்கோ" என்று சொல்லிச் செய்தால் சண்டைக்கு இடமில்லை. ஒளித்துச் செய்தால், குட்டு வெளிப்படும் நாளில் இருந்து பிள்ளை உண்மை பேசுவதையே விட்டுவிடுவான்.

காணாமல் போனால்...

புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கிறது, பிள்ளை போனை எடுக்கவில்லை, நண்பர்களுக்கும் தெரியவில்லை என்றால் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரக் கூடாது. 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே போன் செய்ய வேண்டும். காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை போலீசார் வழக்காகவே பதிவு செய்ய வேண்டும் என்பது 2013-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவு. "நாளைக்கு வாங்க" என்று யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

டவர் விவரத்தைச் செல்போன் கம்பெனியிடம் கேட்டு வாங்கும் அதிகாரம் போலீசாருக்கு உண்டு, பெற்றோருக்கு இல்லை. எனவே தாமதிக்காமல் போலீஸ் நிலையத்துக்குப் போய்விடுவதே புத்திசாலித்தனம். போகும்போது பிள்ளையின் போட்டோவும், போன் பெட்டியில் இருக்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கையில் இருக்கட்டும்!