உயிரணுவின் உறுதி

உயிரணுவினுள் எதுவும் ஓய்ந்திருப்பதில்லை. அங்குள்ள புரதங்களின்மேல் சில நொதிகள் பாஸ்பேட்டு என்னும் சிறு தொகுதியை ஏற்றுகின்றன. வேறு சில நொதிகள் அதனை இறக்குகின்றன. பாஸ்பேட்டு ஏறினால் விழித்தெழுந்து தொழில் புரியும் புரதங்கள் பல; அது இறங்கினால் அவை மீண்டும் உறங்கும். தசையிலுள்ள நொதியொன்றை ஆராய்ந்து, 1950-களில் இம்முறையைக் கண்டறிந்தவர்கள் எட்மண்ட் பிஷர், எட்வின் கிரெப்ஸ் என்னும் இருவர். 1992-ஆம் ஆண்டில் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

ஏற்றமும் இறக்கமும் இவ்வாறு இடையறாது நிகழுமிடத்தில், உயிரணு ஒரு முடிவினைக் கொண்டு அதில் உறுதியாய் நிற்பது எங்ஙனம்?

ஆப்பிரிக்கத் தவளை இனம் ஒன்றின் முட்டையணு இதற்கு விடை தருகின்றது. புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர் தூண்டும்வரை அது முதிராமல் காத்திருக்கும். பாதி முதிர்ந்து நிற்பதால் பயனில்லை. 1998-இல் ஜேம்ஸ் பெரெல் என்னும் அமெரிக்க அறிஞர் தம் துணையாளருடன் இதனை ஆராய்ந்தார். பல முட்டைகளை ஒன்றாகக் கலந்து சோதித்தபோது, இயக்குநீர் மிகுந்தோறும் பாஸ்பேட்டு ஏறிய புரதமும் சிறிது சிறிதாக மிகுவதாகத் தோன்றியது. முட்டைகளைத் தனித்தனியே சோதித்தபோதோ உண்மை வேறாயிருந்தது. சில முட்டைகளில் அப்புரதம் பெரும்பாலும் விழித்திருந்தது. ஏனையவற்றில் பெரும்பாலும் உறங்கியிருந்தது. இடைநிலையில் நின்றவை மிக அரியன.

இதன் காரணத்தைக் கணிதம் விளக்குகின்றது. பாஸ்பேட்டு ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒத்திருக்கும் நிலையே மாறா நிலையாகும். வரத்தும் போக்கும் சமமான ஏரியில் நீர்மட்டம் மாறாதிருப்பது போன்றது இது. விழித்த புரதம், தன்னை விழிப்பிக்கும் நொதியையே பெருக்குமாயின், இவ்விரு வேகங்களும் மூன்று இடங்களில் ஒத்துவரக்கூடும். அவற்றுள் நடுவிலுள்ளது, வரப்பின்மேல் வைத்த பந்தினைப் போன்றது. சிறிது அசைந்தாலும் இப்பக்கமோ அப்பக்கமோ உருண்டுவிடும். நிலைத்து நிற்பன எஞ்சிய இரண்டே: ஒன்று உறக்கம், மற்றொன்று விழிப்பு. இயக்குநீரை நீக்கிய பின்னரும் முதிர்ந்த முட்டை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அப்பெருக்கத்தைத் தடுத்தாலோ அவ்வுறுதி குலைகின்றது. இது 2003-இல் மெய்ப்பிக்கப்பட்டது.

ஒரு புரதத்தில் பாஸ்பேட்டு ஏறத்தக்க இடங்கள் இரண்டு இருப்பின், அத்தகைய பெருக்கம் இன்றியும் இரு நிலைகள் தோன்றலாம் என 2004-இல் கணக்கிட்டுக் காட்டினர். இடங்கள் பெருகப் பெருக நிலைகளும் பெருகலாம் என்பதனை 2009-இல் தாம்சனும் குணவர்த்தனாவும் நிறுவினர்.

தொகுத்துப் பார்த்தபோது மறைந்திருந்த உண்மை, தனித்துப் பார்த்தபோது வெளிப்பட்டது. அதன் காரணம் சமன்பாடுகளால் தெளிவாயிற்று.