தொடாத விசைக்கு 2,000 கோடி டாலர்!

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்தால் நல்ல நாள் பார்த்து மேஜைமீது வைக்கிறார்கள். சந்தனம், குங்குமம் இடுகிறார்கள். இன்டர்நெட் இணைப்பு வந்ததும் பையன் பாட்டுத் தேடுகிறான். பெரியவர் பத்திரிகை படிக்கிறார். வீட்டு அம்மாள் மின்சாரக் கட்டணத்தைக் கட்டி முடிக்கிறார். யந்திரம் வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி. ‘செட்டிங்ஸ்’ என்று ஒரு பக்கம் அதற்குள்ளே இருப்பதை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை.

இப்படித் திறந்து பார்க்காமல் இருப்பதற்கு ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்பது அமெரிக்கக் கோர்ட் ஒன்றில் அம்பலமாயிற்று.

கோர்ட்டில் வெளியான கணக்கு

கூகுள் கம்பெனியின் மீது அமெரிக்க சர்க்கார் 2020-ம் ஆண்டில் ஏகபோக வழக்குத் தொடர்ந்தது. 2023-ல் வாஷிங்டனில் விசாரணை நடந்தது. ஆப்பிள் கம்பெனியின் ‘சஃபாரி’ பிரௌசரில் ஒருவர் எதைத் தேடினாலும் அந்தக் கேள்வி முதலில் கூகுளுக்கே போய்ச் சேரவேண்டும் என்பது ஏற்பாடு. இதற்காக 2022-ம் ஆண்டில் மட்டும் ஆப்பிளுக்குக் கூகுள் கொடுத்தது 2,000 கோடி டாலர் என்று வழக்கு தஸ்தாவேஜுகளிலிருந்து தெரியவந்தது. நம் நாட்டு நாணயத்தில் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல்!

தேடும் யந்திரத்தை மாற்றுவது அப்படி ஒன்றும் கஷ்டமான காரியமல்ல. செட்டிங்ஸைத் திறந்து வேறொரு பெயரைத் தொட்டால் போதும். ஒரு நிமிஷ வேலை. பின் எதற்காக இந்தப் பெருந்தொகை? பெரும்பாலோர் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவிட மாட்டார்கள் என்பதற்காகத்தான்.

மதுரையில் பிறந்தவரும் கூகுளின் தலைவருமான சுந்தர் பிச்சை, 2023 அக்டோபர் 30-ம் தேதி இவ்வழக்கில் சாட்சி சொன்னார். முதலிடத்தில் அமர்த்தப்படுவதற்கு மதிப்பு உண்டு என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2006-ல் மைக்ரோஸாஃப்ட் தன் புதிய பிரௌசரில் தன்னுடைய தேடும் யந்திரத்தையே முன்னால் நிறுத்தியபோது, எது வேண்டும் என்பதை ஜனங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆட்சேபித்த கம்பெனி இதே கூகுள்தான்.

கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தை நிலைநாட்டிக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். தனக்கு மட்டுமே இடம் என்னும் ஒப்பந்தங்கள் கூடாது என்று 2025 செப்டம்பரில் உத்தரவும் போட்டார். ஆனால் முதலிடத்துக்காகப் பணம் கொடுப்பதை அடியோடு தடுக்க அவர் முன்வரவில்லை. ஆகவே விசையைத் தொடும் வேலை வீட்டுக்காரரிடமே வந்து நிற்கிறது.

சலவைக் குறி

தேடும் யந்திரம் ஒன்றுதான் இப்படி என்பதில்லை. ‘குக்கி’ என்பதன் கதையும் இதுவே.

சலவைக்குப் போடும் துணியில் ஒரு குறி இடுவார்கள். அதைப் பார்த்ததும் இது எந்த வீட்டுத் துணி என்று தெரிந்துவிடும். குக்கியும் அப்படிப்பட்ட குறிதான். பார்க்கப் போகும் இணையத்தளம், பார்ப்பவருடைய கம்ப்யூட்டரில் ஒரு சிறு குறிப்பைப் போட்டு வைக்கிறது. அடுத்த முறை வந்தால் அடையாளம் கண்டுகொள்கிறது. நெட்ஸ்கேப் கம்பெனியில் வேலை பார்த்த லூ மொந்துல்லி என்பவர் 1994-ல் இதைக் கண்டுபிடித்தார். கடைக்குள் எடுத்து வைத்த சாமான்களை அந்தத் தளம் மறந்துவிடாமல் இருக்க இது மிகவும் சௌகரியம்.

விபரீதம் எங்கே என்றால், ஒரு தளத்தில் விளம்பரம் வைத்திருக்கும் மூன்றாவது ஆசாமியும் தன் குறியை இடலாம். அவருடைய விளம்பரம் ஆயிரம் தளங்களில் இருக்குமானால், ஒரே குறியைக் கொண்டு ஒருவர் எங்கெங்கே போனார், எந்த வியாதிக்கு மருந்து தேடினார், எந்தக் கடனுக்கு வட்டி பார்த்தார் என்று கணக்கு எழுதிவிடலாம்.

இந்த ஆபத்தை நிபுணர்கள் அறியாமல் இல்லை. மூன்றாம் ஆசாமியின் குக்கியைப் பிரௌசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்று 1997-லேயே தொழில் நுட்ப விதி எழுதினார்கள். அன்று முன்னணியில் இருந்த பிரௌசர்கள் அதை ஏற்கவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் 2019-ல் பின்தொடரும் குக்கிகளைத் தானாகவே தடுக்கத் தொடங்கியது. சஃபாரி 2020-ல் மூன்றாம் ஆசாமியின் குக்கிகளை முழுவதும் தடுத்தது. குரோமிலும் இரண்டே வருஷங்களில் அவற்றை ஒழிப்பதாக 2020-ல் கூகுள் சொல்லிற்று. தேதி தள்ளிக்கொண்டே போயிற்று. கடைசியில், இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று 2025 ஏப்ரலில் முடிவு செய்துவிட்டது.

வீட்டில் செய்ய வேண்டியவை

குரோம் உபயோகிக்கும் வீடுகளில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, ‘செட்டிங்ஸ்’ பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே ‘பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி’ என்னும் பகுதியில் மூன்றாம் ஆசாமியின் குக்கிகளைத் தடுக்கலாம். ஏதாவது ஒரு தளம் அதனால் சரியாக வேலை செய்யாவிட்டால், அந்த ஒரு தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போயிற்று.

அதே பகுதியில் ‘நோட்டிஃபிகேஷன்’ பட்டியலும் கிடைக்கும். “அனுமதிக்கலாமா?” என்று கேட்டபோதெல்லாம் யோசியாமல் “சரி” சொன்னதன் பலன் அங்கே வரிசையாக நிற்கும். கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டதாகப் பொய்யாகப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் அறிவிப்புகள் இந்த வழியாகவும் வருகின்றன. அறிமுகமில்லாத பெயர்களை நீக்கிவிடுவதே நல்லது. இருக்கும் இடம், காமிரா, மைக் ஆகியவற்றின் அனுமதிகளையும் அப்படியே சரிபார்க்க வேண்டும்.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் உபயோகிக்கும் வீடுகளில், ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு ஏற்படுத்துவது உத்தமம். இல்லாவிட்டால் தகப்பனார் சேமித்து வைத்த பாங்க் பாஸ்வேர்டு, பிள்ளை விளையாடும்போதும் திறந்தே கிடக்கும்.

‘இன்காக்னிட்டோ’ ஜன்னலில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று ஓர் அபிப்பிராயம் பரவியிருக்கிறது. அது தவறு. பார்த்தவற்றின் பட்டியல் வீட்டுக் கம்ப்யூட்டரில் தங்காது, அவ்வளவுதான். இணைப்புக் கொடுக்கும் கம்பெனிக்கும், போய்ப் பார்த்த தளத்துக்கும் திரை எதுவும் கிடையாது. இது குறித்து 2020-ல் தொடுக்கப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழித்துவிடக் கூகுள் 2024-ல் சம்மதித்தது.

இவ்வளவையும் செய்து முடிக்க அரை மணி நேரம் போதும், காலணாச் செலவில்லை. வாடகை வீட்டுக்குக் குடிபோனால்கூட முதல் காரியமாகக் கதவு, ஜன்னல், தாழ்ப்பாளையெல்லாம் ஒரு முறை ஆட்டிப் பார்க்கிறோம். சொந்தப் பணம் போட்டு வாங்கிய கம்ப்யூட்டருக்கு அந்த ஜாக்கிரதை வேண்டாமா?