அரண்மனையில் அடைபட்ட சிறுவன்

பிள்ளையில்லாதவர் பிறர் பிள்ளையைத் தம் பிள்ளையாக ஏற்பதை மகவேற்பு என்பர். வழக்கில் சுவீகாரம் என்பதும் அதுவே. குடிமக்கள் வீட்டில் இச்சடங்கு வீட்டையும் வயலையும் பொறுத்த செய்தி. அரசர் வீட்டில் நிகழ்ந்தாலோ நாடே அதனோடு பிணைந்துவிடுகிறது. தஞ்சையை ஆண்ட மராத்தியர் குடும்பத்தில் 1787ஆம் ஆண்டு நிகழ்ந்த சுவீகாரம் அத்தகையது.

மன்னர் இரண்டாம் துளஜா தம் மக்களையெல்லாம் இழந்தவர். நோயுற்று இறுதி நாளை எதிர்நோக்கியிருந்த அவர், போன்சலே மரபின் கிளைக்குடும்பத்தில் 1777இல் பிறந்த சரபோஜி என்னும் சிறுவனை மகனாக ஏற்றார். சிறுவனுக்கு அப்போது பத்து வயதும் நிரம்பவில்லை. தஞ்சையில் சமயப்பணி ஆற்றிவந்த செருமானியரான சுவார்ட்ஸ் பாதிரியாரை அழைத்து, அவர் கையிலேயே பிள்ளையை ஒப்படைக்க முனைந்தார் மன்னர். அரண்மனைப் பகையின் நடுவே தனி ஒருவராகக் குழந்தையைக் காக்க இயலாது என்று கருதிய சுவார்ட்ஸ், மன்னரின் மாற்றாந்தாய் மகனான அமர்சிங்கைக் காப்பாளராக்குமாறு கூறினார். நன்னோக்கத்துடன் கூறப்பட்ட அறிவுரைதான். ஆயினும் சிறுவனின் உரிமைக்கு அதுவே ஊறாக முடிந்தது.

துளஜா மறைந்ததும், சுவீகாரமே செல்லாது என்று அமர்சிங் வாதிட்டார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநர் ஆர்ச்சிபால்டு காம்பெல் பண்டிதர்களிடம் கருத்துக் கேட்டார். சிறுவன் தன் பெற்றோர்க்கு ஒரே மகன், ஒரே மகனைத் தத்துக் கொடுத்தல் ஆகாது என்றனர் அவர்கள். வயது கடந்துவிட்டது, ஏற்றபோது மன்னர் தெளிந்த மனநிலையில் இல்லை என்ற தடைகளும் கூறப்பட்டன. அரியணை அமர்சிங்குக்குச் சென்றது.

இத்தீர்ப்பால் சிறுவன் ஒருவன் மட்டும் இழப்புக்குள்ளாகவில்லை. கணவனை இழந்த அரசியர்க்குத் தமக்கென ஆட்சியுரிமை இல்லை. அரியணையில் இருப்பவர் அளிப்பதே அவர்களது வாழ்வு. மகனாக ஏற்கப்பட்டவன் அரசனானால் அவர்கள் அரசனின் தாயர். மகன் மகனல்லன் என்று முடிவானால் தாயரும் தாயரல்லர். புதிய அரசரின் தயவில் உண்ணும் கைம்பெண்களாகவே அவர்கள் எஞ்சுவர். சாத்திர வாதங்களில் இவர்களது நிலை எங்கும் எடைபோடப்படவில்லை.

அமர்சிங்கின் ஆட்சியில் சரபோஜி அரண்மனைக்குள்ளேயே அடைத்துவைக்கப்பட்டான். வெயிலும் நிலவும் காணாத அறையில், விளக்கொளியில் அவன் நாள்களைக் கழித்ததைச் சுவார்ட்ஸ் எழுதிவைத்துள்ளார். கல்வி கற்பிக்கவும் ஏற்பாடில்லை. உரிமை கோரக்கூடிய ஒருவனை அறியாமையில் வளர்ப்பதும் அவனை அழிக்கும் வழிகளுள் ஒன்றுதானே? சுவார்ட்ஸின் இடைவிடாத முறையீட்டால் கம்பெனி தலையிட்டுச் சிறுவனுக்குக் காவல் அமைத்தது. 1793இல் அவனும் துளஜாவின் மனைவியரும் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அங்கே கெரிக்கே பாதிரியாரிடம் அவன் கல்வியைத் தொடர்ந்தான். அங்கிருந்துதான் உரிமைக்கோரிக்கையும் வலுப்பெற்றது.

மீண்டும் பண்டிதர் கருத்துக் கேட்கப்பட்டது; இம்முறை வங்காளம், காசிப் பகுதிப் பண்டிதர்கள் சுவீகாரம் செல்லும் என்றனர். சாத்திரம் மாறவில்லை, கேட்கப்பட்டவர்களும் கேட்டவர்களின் தேவையுமே மாறியிருந்தன. ஒரே மகனைத் தத்துக் கொடுத்தல் செல்லுமா என்ற ஐயம் நூறாண்டுக்கும் மேலாக நீடித்து, 1899இல் இலண்டன் பிரிவி கவுன்சில் செல்லும் எனத் தீர்ப்பளித்த பின்னரே தீர்ந்தது. இன்றைய இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் (1956) முறைப்படி நிகழ்ந்த மகவேற்பை எவரும் நீக்க இயலாது என்கிறது. அச்சட்டப்படி பெண்ணும் தன் உரிமையில் குழந்தையை ஏற்கலாம்.

1798 சூன் 29ஆம் நாள் சரபோஜி அரியணை ஏறினார். தமக்காகப் போராடிய சுவார்ட்ஸ் அதே ஆண்டு பிப்ரவரியில் மறைந்துவிட்டார். அரியணைக்கு விலையும் இருந்தது. 1799இல் கையெழுத்தான உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுவதும் கம்பெனியிடம் சென்றது. அரசருக்குக் கோட்டையும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் எஞ்சின. பங்காளிகளின் வழக்கில் தீர்ப்புச் சொன்னவரே சொத்தையும் எடுத்துக்கொண்டார். அமர்சிங் கம்பெனி அளித்த ஓய்வூதியத்துடன் திருவிடைமருதூரில் வாழ்ந்து 1802இல் மறைந்தார்.

ஆள நாடில்லாத அரசர் தம் எஞ்சிய ஆண்டுகளை நூல்களுக்கும் மருத்துவத்திற்கும் அளித்தார். சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளோடு ஐரோப்பிய மொழி நூல்களும் சேர்ந்தது அவரால்தான். தம் பாதுகாவலர்க்கு நினைவுச்சின்னம் அமைக்க விரும்பி, இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கில் ஒரு சிற்பம் செதுக்குவித்தார். இறுதிப் படுக்கையில் கிடக்கும் சுவார்ட்ஸின் கையை அருகில் நிற்கும் சரபோஜி பற்றியிருக்கிறார். தஞ்சைச் சிவகங்கைக் குளத்தின் அருகிலுள்ள தேவாலயத்தில் அச்சிற்பத்தை இன்றும் காணலாம்.