பல்துறைப் பாடமும் மனப்பண்பாடும்

கல்லூரியை விட்டு நீங்கும் மாணாக்கன், தான் கற்றவற்றுட் பெரும்பாலானவற்றைச் சில ஆண்டுகளில் மறந்துவிடுகின்றான். சூத்திரங்கள் மறைகின்றன, வரலாற்று ஆண்டுகள் மயங்குகின்றன. ஆயினும் நன்கு கற்றவனிடத்தே எஞ்சி நிற்பன சில உள. ஒரு பிரச்சினையைப் பல பக்கமும் நோக்கும் பழக்கம், பிறர் கூற்றைச் செவிமடுக்கும் பொறுமை, தன் அறிவின் எல்லையை உணரும் அடக்கம் என்பன அவை. இவற்றையே மனப்பண்பாடு என்கின்றோம். பல துறைகளை இணைத்துக் கற்பிக்கும் பாடமொன்று இப்பண்பாட்டை எவ்வாறு வளர்க்கின்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

இத்தகைய பாடத்துக்கு நெடுங்கால அனுபவமுள்ள எடுத்துக்காட்டு ஒன்று நியூயோர்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் உண்டு. அமெரிக்கா 1917ஆம் ஆண்டில் முதலாம் உலகப் போரிற் புகுந்தது. படைப் பயிற்சி பெறும் மாணவர், போரின் காரணங்களை அறிதல் வேண்டுமெனக் கருதி, 1918இல் அவர்களுக்கெனத் தனிப் பாடமொன்று நடத்தப்பட்டது. போர் முடிந்ததும், சமாதான காலப் பிரச்சினைகளை விளங்குதற்கும் அவ்வாறானதொரு பாடம் வேண்டுமென ஆசிரியர் எண்ணினர். அதன் பயனாக 1919இல் 'தற்கால நாகரிகம்' என்னும் பாடம் தொடங்கியது. வரலாறு, பொருளியல், மெய்யியல், அரசியல் ஆகிய துறைகள் அதிற் சங்கமித்தன. புதிதாகச் சேர்ந்த மாணவர் அனைவரும் அதனைப் பயிலல் வேண்டும் என விதிக்கப்பட்டது. 1937இல் இலக்கியத்துக்கும் இத்தகைய பொதுப் பாடம் ஏற்பட்டது. இவ்விரண்டும் இன்றும் நடைபெறுகின்றன.

இப்பாடத்தின் அமைப்பிற் கவனிக்கத்தக்க இயல்புகள் இரண்டு. முதலாவது, பெரிய மண்டபத்தில் ஒருவர் உரைக்கப் பலர் எழுதிக்கொள்ளும் முறை இங்கில்லை. மாணவர் சிறு வகுப்பாக அமர்ந்து, நூலை முன்னரே படித்து வந்து, தம்முள் வாதித்துத் தெளிகின்றனர். இரண்டாவது, ஒரு துறையில் வல்ல ஆசிரியரே ஏனைத் துறை நூல்களையும் அவ்வகுப்பில் நடத்துகின்றார். தம் துறையின் எல்லையைக் கடக்கும்போது, அவரும் மாணவரோடு சேர்ந்து கற்பவராகின்றார்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். ஒருவன் ஒரு தொழிலையே செய்தல் நன்றா என்னும் வினாவை எடுத்துக்கொள்வோம். இயற்கை கொடுத்த ஆற்றலுக்கேற்ற ஒரு தொழிலையே ஒருவன் செய்தல் வேண்டும் என்பது பிளேட்டோவின் 'குடியரசு' காட்டும் கொள்கை. அடம் சிமித் 1776இல் வெளியிட்ட நூலில், குண்டூசித் தொழிலைப் பல வேலைகளாகப் பிரித்தால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000க்கு மேற்பட்ட ஊசிகள் செய்யலாம் எனக் கணக்கிட்டார். அதே நூலின் பிற்பகுதியில், சில எளிய வேலைகளையே வாழ்நாள் முழுதும் செய்பவனது அறிவு மழுங்கிவிடும் எனவும் எச்சரித்தார். தொழிலாளி தான் ஆக்கிய பொருளுக்கே அந்நியனாகின்றான் என்றார் காள் மாக்ஸ். மூவரையும் அடுத்தடுத்துப் பயிலும் மாணவன், ஒருவர் கூற்றை மனனஞ் செய்து ஒப்புவித்தல் போதாதென உணர்கின்றான். தன் கருத்தைக் காரணங்காட்டி நிறுவவும், வலுவான மறுப்பு எழுந்தவிடத்து அதனைத் திருத்தவும் பழகுகின்றான். மனப்பண்பாடு வளர்வது இப்பழக்கத்தாலேயே.

இவ்வாறு பல துறைகளைக் கற்றல் நுனிப்புல் மேய்தலாகாதா எனச் சிலர் வினவுவர். துறைக்கொரு துளியாக அள்ளித் தெளித்தால் அது நுனிப்புல்லே. ஒரு வினாவை மையமாக வைத்து, அதற்கு வேண்டிய துறைகளை ஒவ்வொன்றாக அழைத்தால் ஆழங் குன்றாது. கொலம்பியாப் பாடத்தின்மேல் எழுந்த தக்க குறையும் ஒன்றுண்டு. அது நெடுங்காலம் மேனாட்டு நூல்களையே பெரிதும் போற்றியது. கீழைத்தேய நூல்களுக்கான பாடங்கள் இரண்டாம் உலகப் போரின் பின்னரே அங்கு வளர்ந்தன. ஆதலின் அதன் முறையைக் கொள்ளும் நாம், அதன் நூற்பட்டியலை அப்படியே கொள்ள வேண்டுவதில்லை.

நம் நாட்டு நிலை யாது? உயர்தர வகுப்பிற் புகும் மாணவர், பதினாறு பதினேழு வயதிலேயே விஞ்ஞானம், கணிதம், வர்த்தகம், கலை எனப் பிரிந்துவிடுகின்றனர். பின்னர் ஒரு பிரிவினர் படிப்பதை மற்றைப் பிரிவினர் அறிதல் அரிது. ஆனால் நமது ஊர்ப் பிரச்சினைகள் இவ்வாறு பிரிந்து நிற்பனவல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றுநீரையே நோக்குக. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கில்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் படையினுள் இறங்கித் தங்குவதே நமது நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும் என்பதைப் புவியியல் விளக்கும். தோட்டப் பசளையிலும் மலகூடக் குழியிலும் இருந்து நைத்திரேற்று நீரிற் கலப்பதை இரசாயனவியல் காட்டும். இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையை அது மீறினால், போத்தற்பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளுக்கு ஆபத்தென மருத்துவம் கூறும். ஆயினும் பசளையைக் குறைக்கும் கமக்காரனின் நட்டத்தை ஈடுசெய்வது எங்ஙனம் என்பது பொருளியலின் வினா. என் காணியிலுள்ள கிணற்றின் நீர் எனக்கு மாத்திரம் உரியதா என்பது சட்டத்துக்கும் அறத்துக்கும் உரிய வினா. இவற்றுள் ஒன்றை மாத்திரம் அறிந்தவர், நன்னோக்கம் உடையவராயினும், தவறான முடிவைச் செய்தல் கூடும். அத்தவற்றின் பயனைக் குடிப்போர் நம் பிள்ளைகள்.

இத்தகைய பாடத்தை அரசின் பாடவிதானம் தரும்வரை காத்திருத்தல் வேண்டுவதில்லை. பழைய மாணவருள் மருத்துவர், பொறியியலாளர், வழக்கறிஞர், கமக்காரர், ஆசிரியர் எனப் பல துறையினரும் உளர். மாதம் ஒருமுறை எல்லாப் பிரிவு உயர்தர மாணவரையும் ஒரே வகுப்பில் அமர்த்தி, ஊரின் வினா ஒன்றை முன்வைத்து, இருவர் மூவராக அவர்களோடு உரையாட நம்மால் இயலும். செலவு சிறிது, சோதனைப் புள்ளி எதுவும் இதனாற் கிடையாது. கிணற்றுநீரை முதல் வினாவாகக் கொண்டு இப்பணியைத் தொடங்குவோமாக.